மேடைக்குக் கீழே ஒரு கேமரா

ஜூலை 6

மண்டபத்துக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் பிரிக்கக்கூட இல்லை. இன்று எதையாவது எழுதாவிட்டால் யாரையாவது அறைந்துவிடுவேன் போலிருக்கிறது, அதனால் பிரித்திருக்கிறேன்.

காலையில் ஸ்டுடியோ ஷட்டரைத் தூக்கியதுமே மாப்பிள்ளையின் அப்பா வந்து நின்றார். போன வாரம் நாங்கள் எடுத்த கல்யாணம். அனுப்பி வைத்த படங்களைப் போனில் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"ஏம்மா, இது என்ன? அரிசியை ஒண்ணொண்ணா எண்ணலாம் போல அவ்வளவு தெளிவா இருக்கு. எம் மகன் எங்க? மருமக எங்க?"

தாலி கட்டும் படம். அதில் அட்சதை மட்டும்தான் இருந்தது. மஞ்சள் அரிசி அந்தரத்தில் பளிச்சென்று நிற்கிறது. பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் கலங்கல்.

கெட்டிமேளம் கொட்டியதும் நாலு பக்கத்திலிருந்தும் அட்சதை பறக்கும். ஃபோகஸைக் கேமரா பாட்டுக்கு விட்டால் அது முன்னால் பறக்கிற அரிசியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மேளத்துக்கு முன்பே பெண்ணின் நெற்றிச்சுட்டியில் ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிட வேண்டும். எனக்கு இது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். சோலைராஜுக்குத் தெரியாது. அவன் வீடியோக்காரன். ஆனால் அந்த நேரத்தில் அவன்தான் வீடியோவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு என் கேமராவைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றான். நான் கீழே இருந்தேன்.

"கேமரா பழசாயிருச்சுங்க" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்க வீட்டுக்காரர் இதே கேமராவுலதான எம் மூத்தவன் கல்யாணத்தை எடுத்தாரு? அப்ப மட்டும் எப்படி நல்லா இருந்துச்சு?"

போகிற போக்கில் ஊர் முழுக்கச் சொல்லப்போவதாகவும் சொன்னார். சொல்லட்டும். இந்த அருப்புக்கோட்டையில் இதுவரை சொல்லாததையா சொல்லப்போகிறார்.

புதுக் கேமரா வாங்கப் போகிறேன்.

ஜூலை 8

மதுரையில் ஒரு கேமராக் கடைக்குப் போய்வந்தேன். விற்பனைப் பையன் பெயர் தீபன். நல்ல பையன்தான், வாய்தான் ஓயாது.

ஒரே கம்பெனியில் இரண்டு மாடல். ஒன்று இரண்டாவது மாடல், போன வருடம் வரை அதுதான் புதுசு. இப்போது மூன்றாவது வந்துவிட்டதால் அதை விலை குறைத்து வைத்திருக்கிறார்கள். மூன்றாவது மாடலுக்குத் தொண்ணூறாயிரம் கூடுதல். இரண்டுமே ஆளின் கண்ணைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ளுமாம், அரிசி பறந்தாலும் பூ பறந்தாலும் விடாதாம். அப்புறம் எதற்குத் தொண்ணூறாயிரம் என்றேன். தீபன் என் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"சார் வரலையாக்கா? சாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு முடிவு பண்ணுங்களேன்."

"சார் மேல இருக்காரு. போய்க் கேட்டுட்டு வர்றியா?"

அவன் மாடிப்படியைப் பார்த்தான். பக்கத்தில் பில் போடுகிற பெண் அவன் முழங்கையை இடித்த பிறகுதான் பாவிக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்காமல் இரண்டு கேமராவையும் பற்றி மளமளவென்று ஒப்பித்தான். கல்யாணத்தில் எங்கே நின்று எடுப்பீர்கள் என்று கேட்டான். தள்ளி நின்று எடுப்பேன், அது என் பாணி என்றேன்.

"அப்ப மூணாவதுதான்க்கா உங்களுக்கு."

ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆடி முடிகிற வரை தள்ளுபடி இருக்கிறதாம்.

ஜூலை 13

ஆனியில் கடைசிக் கல்யாணம். வாடகைக்கு வாங்கிய மூன்றாவது மாடலோடு விடியற்காலையிலேயே மண்டபத்தில் இருந்தேன்.

கேமராவைக் குறை சொல்ல முடியாது. பெண் தலை வாரிக்கொண்டதை, பொடிசுகள் ஜரிகைப் பேப்பரைப் பிய்த்ததை, மாப்பிள்ளை கொட்டாவி விட்டதை எல்லாம் தின்றுவிட்டது. சமையல்கட்டின் மங்கின வெளிச்சத்தில்கூட படம் புள்ளி புள்ளியாகவில்லை.

முகூர்த்த நேரம் நெருங்கியதும் பெண்ணின் மாமா என் பக்கத்தில் வந்து செருமினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் மேடையிலிருந்து இறங்கிவிட்டேன். சொல்வதற்கு முன்பே இறங்கிவிடுவது என் வழக்கம். என் வீட்டுக்காரர் கதிரேசன் இறந்து நாலு வருடம், அன்றிலிருந்து இப்படித்தான். முகூர்த்தக்கால் ஊன்றுவதை எடுக்கலாம், மாலை மாற்றுவதை எடுக்கலாம், பந்தியில் ஒவ்வொருவர் வாயையும் எடுக்கலாம். கெட்டிமேளத்துக்கு மட்டும் இறங்கிவிட வேண்டும். யாரும் திட்டுவதில்லை. "நீங்க தப்பா நெனைக்காதீக" என்பார்கள். அதற்குத்தான் எனக்கு அதிகம் எரியும்.

அதிருக்கட்டும், கேமராவைப் பற்றி எழுத வந்தேன்.

மூன்றாவது வரிசைக்குப் பின்னாலிருந்து நீள லென்ஸைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். பெண்ணின் கண்ணைக் கேமரா பிடித்தது. கெட்டிமேளம் என்றார் ஐயர். அவ்வளவுதான், முன்னால் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். அத்தனை கையிலும் போன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் மேல் ஏறினேன். பின்னாலிருந்து ஒரு கிழவர், "யம்மா, உக்காரும்மா, மறைக்குது" என்று கத்தினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தாலி கட்டும் நேரத்துப் படம் எல்லாவற்றிலும் பட்டுச்சட்டை முதுகுதான். அந்த முதுகின் தையல்வரை தெளிவாக விழுந்திருக்கிறது. இதற்கா தொண்ணூறாயிரம்?

சோலைராஜ் மேடையிலிருந்து பழைய கேமராவில் எடுத்தது தப்பித்துவிட்டது. நான் நெற்றிச்சுட்டிப் பாடம் நடத்தியிருந்தேன். ஆனாலும் மாப்பிள்ளையின் கை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது.

ஜூலை 18

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் இல்லை. பாஸ்போர்ட் சைஸ் மூன்று பேர். ஒருவர் காது தெரியாமல் முடி வளர்த்திருந்தார், ஒதுக்கச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார். தெருமுனையில் கூழ் ஊற்றுகிறார்கள், ஒலிபெருக்கிக் குழாய் வைத்துக் காதைக் கிழிக்கிறார்கள்.

லென்ஸ் துடைத்தேன்.

ஜூலை 25

சோலைராஜ் டீ வாங்கி வந்தான். இரண்டு மாடலின் படங்களையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டாவது மாடலின் படங்களை அவன் சிநேகிதனிடமிருந்து வாங்கி வந்திருந்தான். கிட்டத்தில் எடுத்ததில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தூரத்தில் எடுத்ததை வெட்டிப் பெரிதாக்கினால் தெரிகிறது, மூன்றாவதில் படம் கட்டம் கட்டமாக உடையாமல் நிற்கிறது.

"மூணாவதே வாங்கிருங்கக்கா. ஒரு சின்ன ஏணி வச்சுக்கிட்டா முதுகும் மறைக்காது. நீங்க கீழ இருந்தே முடிச்சுரலாம், எனக்கும் டென்ஷன் இருக்காது."

"ஏணியா? நான் என்ன லைன்மேனா?"

"கோவிச்சுக்காதீகக்கா. வேற என்ன செய்யிறது?"

நியாயமான கேள்விதான். வேறு என்ன செய்வது. டீ ஆறிவிட்டது என்று அவனோடு சண்டை போட்டேன். உண்மையிலேயே ஆறித்தான் இருந்தது.

நகையை வைத்துப் பணம் புரட்ட முடிவு செய்துவிட்டேன். மூன்றாவது மாடல். ஏணியும் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. நல்ல நாள் என்று இன்று முன்பணம் கொடுக்க வந்தார்கள். ஆவணி முகூர்த்தம், பெண் பெயர் கௌசல்யா. வந்தவர்கள் இரண்டு பெண்கள்: பெண்ணின் பெரியம்மா, பெண்ணின் அம்மா. பேசியது முழுவதும் பெரியம்மா. காதில் கல், மூக்கில் கல், பேச்சிலும் கல்.

"உங்க வேலை சுத்தம்னு சொன்னாக, அதான் வந்தோம். ஒண்ணே ஒண்ணு. சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீகள்ல?"

"தாலி கட்டும்போது தம்பிதான் மேல நிப்பாரு. நான் கீழ நின்னுக்கிறேன்."

"அதான் படிச்சவுகட்ட பேசணும்கிறது! நான் சொல்லுறதுக்குள்ள நீங்களே சொல்லிட்டீக பாருங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நானேதானே எடுத்துக் கொடுத்தேன்.

பெண்ணின் அம்மா தமயந்தி. வெளிர்ப் பச்சைச் சேலை, வெறும் நெற்றி. வந்ததிலிருந்து சுவரில் இருக்கிற கல்யாணப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னிகாதானம் பெரியப்பாவும் பெரியம்மாவும் செய்கிறார்களாம். பெரியம்மா செருப்பு மாட்ட வெளியே போன பிறகு தமயந்தி என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"நீங்க கீழ இருந்துதான எடுப்பீக?"

"ஆமாங்க."

"அப்ப என்னையும் ஒண்ணு எடுத்துருங்கம்மா. நானும் அங்கனதான் இருப்பேன். மேல எடுக்கிறதுல எங்கயும் நான் வரமாட்டேன். நானும் இருந்தேன்னு எம் பிள்ளைக்குத் தெரியணும்ல."

சரிங்க என்றேன். அவர் போனதும் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெரியம்மா மேல் என்றால் நியாயம். அந்தத் தமயந்தி மேல் வந்தது. பெற்று, வளர்த்து, தனியாளாக நின்று கல்யாணம்வரை கொண்டுவந்துவிட்டு, என்னிடம் வந்து ஒரு படம் எடு என்று பிச்சை கேட்கிறாள்! மேலே போய் நில்லேன்! யார் உன் கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள்?

ஆகஸ்ட் 4

என் மகள் தாரணிக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம். அதன் பிறகு அவள் கல்யாணம்.

இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. கேமராவைப் பற்றி எழுதத்தான் இந்த டைரி.

ஆகஸ்ட் 12

மதுரை. நகையை வைத்த பணம் பையில். பஸ்ஸில் ஒருத்தன் தோளில் தூங்கினான், இரண்டு முறை தள்ளிவிட்டேன்.

தீபன் மூன்றாவது மாடலைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தான். இந்த முறை சாரைக் கேட்கவில்லை. பக்கத்திலேயே இரண்டாவதும் இருந்தது. கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று கேட்டேன்.

"தம்பி, இந்தப் பிக்சல் கதையெல்லாம் வேணாம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், ஒரே வரியில சொல்லு."

அவன் யோசித்துத்தான் சொன்னான்.

"ஒரே வரியிலன்னா... கிட்ட நிக்கிறவங்களுக்கு ரெண்டாவது போதும்க்கா. தள்ளி நிக்கிறவங்களுக்குத்தான் மூணாவது. உங்களுக்குன்னே செஞ்சது மாதிரி."

அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் இல்லை. தள்ளி நிற்பது என் பாணி என்று நான்தானே அவனிடம் பீற்றிக்கொண்டேன். ஆனால் எனக்குக் காதெல்லாம் சுட்டது. என்னைக் கீழே இறக்கிவிடுகிறவர்கள் அவர்கள். இறங்கி நிற்பதற்குத் தொண்ணூறாயிரம் கட்டுகிறவள் நான். அதுவும் என் நகையை வைத்து. இந்த அநியாயம் எந்த ஊரில் நடக்கும்! செருப்படி வாங்கிக்கொண்டு செருப்புக்கும் காசு கொடுத்த மாதிரி.

"ரெண்டாவதைப் போடு" என்றேன்.

"அக்கா, தூரத்துல இருந்து எடுத்தா..."

"ரெண்டாவதைப் போடுடா."

டா போட்டது தப்புதான். பில் போடுகிற பெண் சிரித்தாள். மீதிப் பணத்தில் ஒரு சின்ன லென்ஸ் வாங்கினேன். கிட்ட நின்று எடுக்கிற லென்ஸ். அதன் பிறகும் மிச்சம் இருந்தது, வளையல் இரண்டையும் மீட்டுவிடலாம்.

பஸ்ஸில் வரும்போது பயம் வந்துவிட்டது. கிட்ட நிற்கிற கேமராவை வாங்கிவிட்டேன், கிட்ட நிற்க விடப்போவது யார்?

ஆகஸ்ட் 13

சோலைராஜ் பார்த்துவிட்டு, "என்னக்கா, பழைய மாடலை வாங்கிட்டு வந்துட்டீக?" என்றான். வாயை மூடு என்றேன்.

ஆகஸ்ட் 27

உடம்பெல்லாம் வலிக்கிறது. தூக்கம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

மண்டபம் நிறைய ஆள். பெண் அறையில் கௌசல்யாவை எடுத்தேன். "எங்கம்மா எங்க?" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா சாப்பாட்டுப் பக்கம் இருக்காக என்றார்கள், பால் வாங்கப் போயிருக்காக என்றார்கள். தமயந்தி எங்கேயும் போகவில்லை. நாலாவது வரிசை ஓரத்தில், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தார். பட்டுதான் கட்டியிருந்தார். அட்சதைத் தட்டு வந்தபோது ஒரு பிடி வாங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டார். அவர் கேட்ட படத்தை எடுத்தேன். நன்றாக வந்தது. எனக்குத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

தாலியைத் தட்டில் வைத்து எல்லோரும் தொட்டுக் கும்பிடக் கொண்டுபோனார்கள். நான் மேடையில்தான் நின்றேன். இறங்கவில்லை. சோலைராஜ் என்னைப் பார்த்து, "அக்கா, கேமரா..." என்று கையை நீட்டினான். நீ வீடியோவைப் பார் என்றேன்.

பெரியம்மா பார்த்துவிட்டார். மணவறைக்குப் பின்னாலிருந்தே சத்தம்.

"இந்தாம்மா, நேரமாச்சு. கீழ எறங்கு. தம்பி எடுக்கட்டும்."

"தம்பி கையில வீடியோ இருக்கும்மா."

"அன்னைக்கு நீதான சொன்ன?"

"சொன்னேன். இன்னைக்கு முடியாது. தாலிப் படம் வேணுமா, வேணாமா? வேணாம்னா சொல்லிருங்க, இப்பவே கேமராவை மூடி வச்சுட்டு வீட்டுக்குப் போறேன்."

குரல் நடுங்கவில்லை, அதுவரை பிழைத்தேன். ஐயர் தலையைத் தூக்கி, "நேரம் போறது, யாராவது எடுங்கோ" என்றார். மாப்பிள்ளையின் அப்பாவும், "எடுக்கட்டும் விடுங்க, இது என்ன இந்நேரத்துல" என்றார். பெரியம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பார்த்துக்கொள்ளட்டும்.

கேமராவில் கண்ணை வைத்தேன். சின்னக் கட்டம் ஓடிவந்து கௌசல்யாவின் கண்ணைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது மாடல்தான். கிட்ட நின்றால் அது போதும். ஆனால் அந்தக் கண் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, ஐயரைப் பார்க்கவில்லை. கீழே தூண் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர்.

அப்போது எனக்கு என்ன வந்ததோ. கல்யாண மண்டபத்தில் ஐயருக்கு அடுத்தபடி எல்லோரும் கேள்வி கேட்காமல் கேட்பது போட்டோகிராபர் பேச்சைத்தான். தலையைச் சாய் என்றால் சாய்வார்கள், சிரி என்றால் செத்த வீட்டிலும் சிரிப்பார்கள். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. குரூப் போட்டோவுக்குக் கூப்பிடுகிற அதே குரலில், மைக் இல்லாமல், கத்தினேன்.

"பொண்ணோட அம்மா! பொண்ணோட அம்மா மேல வாங்க! லெப்ட்ல ஃபிரேம் காலியா இருக்கு! சீக்கிரம்! அண்ணே, அவுகளைக் கொஞ்சம் கை பிடிச்சு ஏத்தி விடுங்க! நீங்க தள்ளுங்க சார், மறைக்குது!"

தள்ளினார்கள்! யாரும் யோசிக்கவில்லை. நாலாவது வரிசையிலிருந்து ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு என்று தமயந்தியை மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். பெரியம்மா வாயைத் திறந்தார். "பெரியம்மா, நீங்களும் அவுகளை ஒட்டி நில்லுங்க, இன்னும் கிட்ட, கொஞ்சம் சிரிங்க" என்றேன். வாயைத் திறந்தவர் அப்படியே பல்லைக் காட்டிவிட்டார். பழக்கம்.

கெட்டிமேளம்.

அரிசி மழையாகப் பறந்தது. கட்டம் கௌசல்யாவின் கண்ணை விட்டு இம்மி நகரவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளையின் கை, மஞ்சள் கயிறு, கௌசல்யாவின் முகம், அவள் தோளுக்குப் பின்னால் தமயந்தி. எல்லோரும் அட்சதை போட்டு முடித்த பிறகும் அவர் கை மூடியே இருந்தது. போட மறந்துவிட்டார்.

மத்தியானம் பந்தியில் எங்களுக்கு இலை போட யாரும் வரவில்லை. வேண்டுமென்றேதான். சோலைராஜ் இரண்டு பொட்டலம் தயிர்சாதம் வாங்கி வந்தான். வண்டியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊறுகாய் வைக்கவில்லை என்று அந்தக் கடைக்காரனையும் திட்டினேன்.

செப்டம்பர் 9

ஆல்பம் வடிவமைப்பு பார்க்கப் பெரியம்மா மட்டும் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திரையில் காட்டினேன். தாலிப் படம் வந்ததும் விரலை நீட்டினார்.

"இதை வைக்கக் கூடாது."

"தாலிப் படம் இல்லாம ஆல்பமாம்மா?"

"அப்ப அவளை மட்டும் எடுத்துரு. இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல ஆளையே எடுத்துரலாமாமே. எம் பேரன் சொன்னான்."

"எடுக்கலாம்" என்றேன். "ஆனா நீங்க ரெண்டு பேரும் ரொம்ப ஒட்டி நிக்கிறீக. அவுக தோள் உங்க மேல விழுந்திருக்கு. அவுகளை எடுத்தா உங்களையும் சேத்துத்தான் எடுக்கணும். எடுத்துரவா?"

சும்மா சொன்னேன். ஐந்து நிமிட வேலை அது. தமயந்தியை மட்டும் மயிரிழை பிசகாமல் எடுத்துவிடுவேன். அது பெரியம்மாவுக்கு எதற்கு.

அவர் திரையில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கல் மூக்குத்தி மின்ன, வரிசைப் பல் தெரிய, அவரும் அழகாகத்தான் விழுந்திருந்தார்.

"இருக்கட்டும்" என்றார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அந்தப் படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட்டுவிட்டேன்.